திருப்பிப் பிடித்தால் தெரியும்: கிரீட முத்திரை கொண்ட ஒரு பழைய ட்ரைஃபாரி ப்ரோச்

கேள்வியின் சாரம் இது. ஏறத்தாழ 7 செ.மீ. உயரத்தில் பூங்கொத்து வடிவ ப்ரோச் (ஆடையில் குத்தும் அலங்கார ஊசி) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. வெள்ளி நிற உலோகம்; இலைகளில் பச்சை எனாமல்; காம்பு நெடுகப் பொடி வெள்ளைக் கற்கள்; பூக்களில் நீலக் கண்ணாடிக் கல். பின்னால் அமெரிக்க அலங்கார நகை நிறுவனமான ‘ட்ரைஃபாரி’யின் பெயர், அதன் முதல் எழுத்தின் தலையில் ஒரு கிரீடம், கீழே ‘பேட். பெண்ட்.’ என்ற சுருக்கெழுத்து. ஒரு வெள்ளைக் கல் விழுந்துவிட்டது, இரண்டு கறுத்துவிட்டன, ஊசியின் கீலைச் சுற்றிப் பச்சை படிந்திருக்கிறது. எந்தக் காலத்தது, அசல்தானா, எப்படிச் சுத்தம் செய்வது, கல்லை மாற்றலாமா, மாற்றினால் மதிப்பு குறையுமா?

முதலில் ஒரு வேண்டுகோள். பதிலைக் கடைசிவரை படிக்கும் வரைக்கும் ப்ரோச்சைத் தண்ணீரில் போடாதீர்கள், ஈரத்துணியால்கூடத் துடைக்காதீர்கள். பல ஆண்டுகள் பெட்டிக்குள் பத்திரமாக இருந்த கற்கள், ஆசையோடு செய்த ஒரே ஒரு சோப்புக் குளியலில் கெட்டுப்போவது வழக்கமாக நடப்பது. காரணத்தைக் கற்களைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

இப்போது ப்ரோச்சைத் திருப்பிப் பிடியுங்கள். 10 மடங்கு பெருக்கும் லூப் ஒன்று வேண்டும். நகை பார்ப்பவர்கள் கண்ணில் வைத்துக்கொள்வதுதான். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழட்டும். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துவிடலாம், அழகான வடிவங்கள் எல்லாக் காலத்திலும் நகலெடுக்கப்பட்டிருக்கின்றன. பின்பக்கத்தில் ஊசி எப்படி அமர்ந்திருக்கிறது, பூட்டு எந்த வகை, வார்ப்பின் மேற்பரப்பு எப்படி இருக்கிறது, முத்திரை எங்கே எப்படி இருக்கிறது என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் காலம் பிடிபடும். இவற்றில் முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள். பெயரை முதலில் படித்துவிட்டால், மற்ற எல்லாவற்றையும் அந்தப் பெயருக்குப் பொருந்தும்படி பார்க்க மனம் பழகிவிடும்.

பூட்டிலிருந்து தொடங்கலாம். 19ஆம் நூற்றாண்டு ப்ரோச்சுகளில் ஊசி முனை அமர்வதற்கு வெறும் கொக்கி மட்டும் இருக்கும், ஆங்கில ‘சி’ எழுத்தைப் போல. மூடும் வசதி கிடையாது. ஊசி பெரும்பாலும் ப்ரோச்சின் ஓரத்தைத் தாண்டி நீண்டிருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கொக்கிக்குள் உருளும் ஒரு சிறு வளையம் வந்தது. நகத்தால் தள்ளினால் வளையம் உருண்டு கொக்கியின் வாயை மூடும். 1930களுக்குள் அமெரிக்க ப்ரோச்சுகளில் இதுவே பொது வழக்கம். ஐரோப்பியப் பொருள்களில் இன்னொரு வகையும் உண்டு: குழாய்க்குள் குழாயாக இழுத்துத் தள்ளும் பூட்டு, ட்ரோம்போன் என்ற ஊதுகருவியின் பெயரிலேயே அதை அழைப்பார்கள். உங்களுடையதில் உருளும் வளையம் இருந்தால் காலத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் அதே பூட்டு இன்றும் செய்யப்படுகிறது. ஆகவே அது ‘இதைவிடப் பழையது இல்லை’ என்று மட்டும் சொல்லும். ‘இதைவிடப் புதியது இல்லை’ என்று சொல்லாது.

காலக்கணிப்பின் அடிப்படை விதியே அதுதான். ஒரு ப்ரோச்சின் வயதைத் தீர்மானிப்பது அதிலுள்ள மிகப் புதிய உறுப்பு. எண்ணெய்ப் படலம் போல வானவில் நிறம் காட்டும் ‘அரோரா பொரியாலிஸ்’ கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூச்சு ஸ்வரோவ்ஸ்கியும் கிறிஸ்டியன் டியோரும் சேர்ந்து 1950களின் நடுவில் கொண்டுவந்தது. 1930களின் வடிவம் என்று சொல்லப்படும் ப்ரோச்சில் அப்படிப்பட்ட கல் இருந்தால், ப்ரோச் பிற்காலத்தது, அல்லது கல் மாற்றப்பட்டது.

இனி முத்திரை. குஸ்தாவோ ட்ரைஃபாரி நியூயார்க்கில் தொடங்கிய தொழிலில் 1917இல் லியோ கிரஸ்மனும், 1925இல் கார்ல் ஃபிஷெலும் சேர்ந்தார்கள். மூவரின் முதலெழுத்துகளைச் சேர்த்த முத்திரை 1930களில் இருந்தது. உங்கள் ப்ரோச்சில் இருக்கும் கிரீட முத்திரை 1930களின் பிற்பாதியிலிருந்து வருவது. 1930இல் சேர்ந்து 1968 வரை தலைமை வடிவமைப்பாளராக இருந்த ஆல்ஃபிரட் ஃபிலிப், அதற்கு முன் கார்ட்டியே, வான் கிளீஃப் அண்ட் ஆர்ப்பெல்ஸ் நிறுவனங்களுக்கான விலையுயர்ந்த நகைகளை வடிவமைத்தவர். அசல் வைரத்துக்குச் செய்யும் வேலையைக் கண்ணாடிக் கல்லுக்கும் அவர் செய்ததால்தான் இந்த நிறுவனத்தின் பழைய ப்ரோச்சுகளைத் தேடித்தேடிச் சேர்க்கிறார்கள்.

கிரீட முத்திரை நெடுங்காலம் இருந்தது. அதை நுணுக்கிப் பார்க்க உதவுபவை அதன் பக்கத்தில் இருப்பவையும் இல்லாதவையும். முதலாவது, வட்டத்துக்குள் ‘சி’ எழுதிய பதிப்புரிமைக் குறி. 1955இல் சாரெல் என்ற நிறுவனத்தின் மீது ட்ரைஃபாரி தொடுத்த வழக்கில், ஆடை அலங்கார நகையும் கலைப்படைப்பாகப் பதிப்புரிமை பெறலாம் என்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு அமெரிக்க நகைகளில் இந்தக் குறி பரவலாகிறது. அதுவரை கைகொடுத்தது வடிவமைப்புக் காப்புரிமை. அதன் ஆயுள் 3½, 7 அல்லது 14 ஆண்டு. ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். பதிப்புரிமை கிடைத்ததும் அந்த வழியை விட்டது இயல்புதான். உங்கள் ப்ரோச்சில் ‘பேட். பெண்ட்.’ இருக்கிறது, அதாவது விண்ணப்பம் நிலுவையில். பதிப்புரிமைக் குறி இல்லை. எனவே அது 1955க்கு முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ‘ஸ்டெர்லிங்’ என்ற சொல். அமெரிக்கா போரில் இறங்கிய பின், 1942இல் வெள்ளீயம் போன்ற உலோகங்கள் போர்த்தேவைக்கு ஒதுக்கப்பட்டன. அலங்கார நகை செய்தவர்கள் 92.5 விழுக்காட்டு வெள்ளிக்கு மாறி, அதன்மேல் பெரும்பாலும் தங்க முலாம் பூசினார்கள். போர் முடிந்து சில ஆண்டுகளில் மலிவு உலோகத்துக்குத் திரும்பினார்கள். உங்களுடையதில் அந்தச் சொல் இல்லை என்றால் 1942க்கு முன், அல்லது 1940களின் இறுதிக்குப் பின் என்று இரண்டு இடைவெளிகள் மிஞ்சுகின்றன. இரண்டில் எது? பச்சை எனாமல், ரோடியம் என்ற வெள்ளி நிற உலோகத்தால் முலாமிட்ட வெள்ளை உலோகம், பொடிக்கல் பதித்த காம்பு மூன்றும் சேர்ந்து வருவது போருக்கு முந்தைய பாணி. போருக்குப் பின் அந்த நிறுவனம் வழவழப்பான தங்க நிறத்துக்குப் போய்விட்டது. ஆகவே உங்கள் ப்ரோச் 1937க்கும் 1942க்கும் இடைப்பட்டது என்பது என் கணிப்பு.

கணிப்பை உறுதிசெய்ய வழி இருக்கிறது, பலரும் அதைச் செய்வதில்லை. அமெரிக்க வடிவமைப்புக் காப்புரிமைகள் எல்லாமே படத்தோடு வெளியிடப்பட்டவை, இணையத்தில் இலவசமாகத் தேடலாம். வடிவமைப்பாளர் பெயரையும் ஆண்டையும் கொடுத்து, ப்ரோச் அல்லது ‘பின் க்ளிப்’ என்ற தலைப்புகளில் படங்களைப் புரட்டுங்கள். எத்தனை இதழ், காம்பு எந்தப் பக்கம் வளைகிறது, இலை எங்கே ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது என்று எண்ணி ஒப்பிடுங்கள். பொருந்தினால் விண்ணப்ப நாளே கிடைத்துவிடும். காப்புரிமை எண்ணே பொறித்திருந்தால் வேலை இன்னும் எளிது: 1940ஆம் ஆண்டின் வடிவமைப்பு எண்கள் 118358இல் தொடங்குகின்றன, 1950இன் எண்கள் 156686இல். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கோரோ நிறுவனத்தின் ‘டூயெட்’ ப்ரோச்சுகளில் 1798867 என்ற எண் இருக்கும். இரண்டு க்ளிப்புகளைக் கழற்றித் தனித்தனியாகவும், சேர்த்து ஒரே ப்ரோச்சாகவும் அணிவதற்கான சட்டகத்துக்கு 1931இல் கொடுக்கப்பட்ட காப்புரிமை அது. பல ஆண்டுகள் பல வடிவங்களில் அதே எண்ணைப் பொறித்தார்கள். அதைப் பார்த்து ‘1931இல் செய்தது’ என்று விற்பவர்கள் உண்டு. எண் பொறிமுறைக்கா, வடிவத்துக்கா என்று முதலில் பாருங்கள்.

அசலா என்ற கேள்விக்கு லூப்பை முத்திரையின்மேல் கொண்டுபோங்கள். நல்ல முத்திரையில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். கிரீடத்தின் முனைகளைத் தனித்தனியாக எண்ண முடியும். எழுத்துகளின் குழியில் முலாம் தேயாமல் இருக்கும். அசலையே அச்சாக வைத்து நகல் வார்த்திருந்தால் எழுத்து சோப்பில் பதிந்ததுபோல மழுங்கியிருக்கும். வார்ப்பு ஆறும்போது உலோகம் சுருங்குவதால் நகல் அசலைவிடச் சற்றே சிறியதாகவும் இருக்கும். ஆகவே அளவு தெரிந்த அசலோடு காலிப்பரால் (நுண்ணளவு காட்டும் கவ்வுகோல்) ஒப்பிடுவது நல்ல சோதனை. அடுத்து பின்பரப்பு. ட்ரைஃபாரியின் பழைய வேலையில் முன்பக்கத்தைப் போலவே பின்பக்கமும் வழவழப்பாக, முலாம் முழுமையாக இருக்கும். குமிழ்க்குழிகள், அரத்தால் ராவிய கீறல்கள், வார்ப்புக் கோடு, கடையில் தனியாக வாங்கி ஒட்டிய ஊசிப்பட்டை இவற்றில் ஏதாவது தெரிந்தால் சந்தேகப்படுங்கள். வயிற்றில் தெளிந்த அக்ரிலிக் குமிழ் வைத்த ‘ஜெல்லி பெல்லி’ விலங்கு ப்ரோச்சுகளில் போலி அதிகம். உங்கள் பூங்கொத்தில் அந்த அபாயம் குறைவு, இருந்தாலும் பார்ப்பதைப் பாருங்கள்.

பெயரே இல்லாத ப்ரோச் வைத்திருப்பவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். ப்ரூக்லினில் 1947இல் தொடங்கிய டிலிஸா அண்ட் எல்ஸ்டர் தன் வேலையில் பெரும்பாலும் பெயரே பொறிக்கவில்லை; தொங்கும் காகிதச் சீட்டோடு போனவை அவை. இன்னொரு அமெரிக்க அலங்கார நகைப் பெயரான மிரியம் ஹாஸ்கெல்லின் ஆரம்பகால நகைகளும் அப்படித்தான். நாட்டின் பெயர் மட்டும் இருந்தாலும் போதும்: ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949–1990, ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்றால் 1952க்குள்.

இப்போது கற்கள். உங்கள் காம்பில் இருக்கும் பொடிக்கல் ஒன்றை லூப்பில் பாருங்கள். அது அடி கூம்பிய ஒரு சிறு கண்ணாடித் துண்டு. கூம்பின் வெளிப்பக்கத்தில் வெள்ளிப் பூச்சு, கண்ணாடியில் ரசம் பூசியதுபோல. அதன்மேல் காப்புக்காகப் பொன்னிற வார்னிஷ். மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவது அந்தப் பூச்சுதான். கண்ணாடி மட்டும் இருந்தால் குழியின் சாம்பல் நிறம்தான் தெரியும். கல்லுக்கும் குழிச்சுவருக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி தண்ணீரைத் தானாகவே உறிஞ்சும், உள்ளே போனது வெளியே வர வழி இல்லை. ஈரம் முதலில் வார்னிஷைத் தூக்கும், பிறகு வெள்ளியைக் கறுக்கவைக்கும். முதலில் கல் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகத் தெரியும், பிறகு சாம்பல், பிறகு கறுப்பு. கறுத்த கல்லை எந்தத் திரவமும் மீட்காது, மாற்றத்தான் வேண்டும். சோப்புத் தண்ணீர், வெள்ளி மெருகுத் திரவம், அல்ட்ராசோனிக் தொட்டி, நீராவி எல்லாமே இதனால்தான் ஆகாது.

நீலக் கற்கள் வேறு ரகமாக இருக்கலாம். பின்பக்கம் திறந்த குழியாக இருந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீலம் ஊடுருவித் தெரிந்தால் அவற்றுக்குப் பூச்சு இல்லை. அவை கவலை இல்லாதவை. கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று அறிய உதட்டில் ஒரு கணம் வையுங்கள்: கண்ணாடி சில்லென்றிருக்கும், பிளாஸ்டிக் சீக்கிரம் வெதுவெதுக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய சோதனையைச் செய்யாதீர்கள். செல்லுலாய்டு குப்பென்று தீப்பிடிக்கும்.

எனாமலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உண்மையான கண்ணாடி எனாமலைச் சூளையில் 700 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். ப்ரோச்சின் அடிப்படை உலோகமான வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும். ஆகவே இந்தக் கலப்பு உலோகத்தின்மேல் இருப்பது சுட்ட எனாமலாக இருக்க முடியாது, எனாமல் என்ற பெயரில் ஒரு வண்ணப்பூச்சுதான். அசிட்டோன் பட்டால் கரைந்துவிடும், ஆல்கஹால் பட்டால் பளபளப்புப் போகும். நகப்பூச்சு அழிப்பானை அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

இனி கீலில் இருக்கும் பச்சை. செம்பு கலந்த உலோகத்தில் ஈரமும் வியர்வை உப்பும் சேர்ந்து வரும் களிம்பு அது, பழைய செம்புப் பாத்திரத்தில் வருகிற அதே களிம்பு. ஊசியும் கீலும் பெரும்பாலும் பித்தளை. முலாம் முதலில் தேய்வதும் அங்கேதான். அதனால் அங்கே தொடங்கியிருக்கிறது. விட்டுவைத்தால் முலாமின் அடியில் ஊர்ந்து பரவும், ஆகவே எடுத்தே ஆக வேண்டும். முதலில் உலர் வேலை. ஒப்பனைக்குப் பயன்படும் மென்தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். மரப் பல்குச்சியின் முனையைத் தட்டையாகச் சீவி, களிம்பைச் சுரண்டுங்கள். ஊசி, கத்தி, கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம். பாதிக்கு மேல் இதிலேயே உதிர்ந்துவிடும். அந்தப் பொடி கற்களின்மேல் விழாதபடி ப்ரோச்சைக் கீல் கீழே இருக்கும்படி சாய்த்துப் பிடியுங்கள், மூச்சில் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சியதற்கு வெள்ளை வினிகர். பஞ்சுக்குச்சியை நனைத்து, உலர்ந்த துணியில் ஒற்றி, சொட்டாத பதத்துக்குக் கொண்டுவாருங்கள். களிம்பின்மேல் மட்டும் வைத்து ஒரு நிமிடம் விடுங்கள்; பஞ்சு பச்சையாகும். பல்குச்சியால் மெதுவாகத் தள்ளுங்கள், புதுப் பஞ்சுக்குச்சி எடுங்கள், மறுபடியும். பஞ்சில் நிறம் ஏறாமல் வந்ததும் நிறுத்துங்கள். வினிகரை அப்படியே விட்டால் அதுவே புதுக் களிம்புக்கு வித்து. காய்ச்சி வடித்த நீரில் நனைத்து ஒற்றிய பஞ்சுக்குச்சியால் நான்கைந்து முறை துடைத்தெடுங்கள். பிறகு ஹேர் ட்ரையரைக் குளிர்காற்றில் வைத்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து உலர்த்தி, கற்கள் கீழ்ப்பக்கம் பார்க்க மென்துணியின்மேல் 24 மணி நேரம் கவிழ்த்து வையுங்கள். தப்பித்தவறி ஒரு துளி குழிக்குள் போயிருந்தாலும் வெளியே வடிய அதுதான் வழி. களிம்பு போன இடத்தில் முலாம் இருக்காது, செந்நிறமோ சாம்பலோ குழிகுழியாகத் தெரியும். அதைத் தேய்த்து மெருகேற்றப் போனால் சுற்றியுள்ள நல்ல முலாமும் போகும். அப்படியே விடுங்கள். முத்து, சிப்பி, மார்க்கசைட் (மினுங்கும் தாதுக்கல்) உள்ள ப்ரோச் என்றால் வினிகர் அவற்றைத் தொடவே கூடாது. உங்களுடையதில் எனாமல் ஓரத்துக்கும் இரண்டு மில்லிமீட்டர் தள்ளியே நில்லுங்கள்.

கல் மாற்றுவதில்தான் பொறுமை வேண்டும். அக்கால வார்ப்பு ப்ரோச்சுகளில் பொடிக்கற்கள் பெரும்பாலும் குழியில் பசை வைத்து ஒட்டியவை. சுற்றியுள்ள மணி போன்ற புடைப்புகள் அச்சிலேயே வந்தவை, கல்லைப் பிடிப்பவை இல்லை. டிஜிட்டல் காலிப்பரால் பக்கத்துக் கல்லின் விட்டத்தை அளக்கவும். பொடிக்கல்லுக்கு ‘பிபி’, பெரியதற்கு ‘எஸ்எஸ்’ என்ற அளவுமுறை: பிபி 14 என்றால் 2.0–2.1 மி.மீ., பிபி 18 என்றால் 2.4–2.5, பிபி 24 என்றால் 3.0–3.2, எஸ்எஸ் 16 என்றால் 3.8–4.0. குழியை மட்டும் அளந்து வாங்கினால் கால் மில்லிமீட்டர் பெரிதாக வந்து உட்காராது. விட்டம் பொருந்தினாலும் போதாது, உயரமும் பொருந்த வேண்டும். தட்டை அடிக் கல்லைக் கூம்புக்குழியில் வைத்தால் அது பள்ளத்தில் விழுந்த கண் மாதிரி இருக்கும். இன்றைய கற்கள் மிக வெண்மையாக மின்னும். 80 ஆண்டுக் கற்களின் நடுவே அது தனித்துத் துருத்தும். பழைய இருப்பில் உள்ள கற்களோ, உடைந்த பழைய ப்ரோச்சிலிருந்து எடுத்தவையோ தேடுங்கள். பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒட்டாதீர்கள்.

குழிக்குள் இருக்கும் பழைய பசை மஞ்சள் கண்ணாடி போல இறுகியிருக்கும். பல்குச்சியால் விளிம்பிலிருந்து நெம்பினால் பெரும்பாலும் செதிலாக வரும். அது போகாமல் மேலே ஒட்டினால் கல் சாய்ந்து நிற்கும். கறுத்த கற்கள் இரண்டும் அசைகின்றனவா என்று பல்குச்சியால் தொட்டுப் பாருங்கள். அசைந்தால் எடுத்து மாற்றலாம். இறுக்கமாக இருந்தால் விட்டுவிடுவது நல்லது என்பேன். நெம்பும்போது பக்கத்துக் கல்லின் விளிம்பு தெறித்தால் இரண்டு நான்காகும்.

பசைக்கு இரண்டு குழாய் எப்பாக்ஸி சிறந்தது. சமபங்கு பிழிந்து, பல்குச்சியால் ஒரு நிமிடம் கலக்கி, சற்றே கெட்டிப்படும்வரை காத்திருங்கள்; நீர்த்திருக்கும்போது வைத்தால் கல்லின் பக்கவாட்டில் ஏறி மேலே வரும். 2 மி.மீ. குழிக்குக் கடுகில் கால்வாசி போதும். மெழுகு தொட்ட பல்குச்சி முனையில் கல்லை ஒட்டி எடுத்து, குழியில் இறக்கி, குச்சியின் தட்டை முனையால் அழுத்துங்கள். உடனே பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கல்லின் தட்டைமுகம் பக்கத்துக் கற்களோடு ஒரே மட்டத்தில் ஒளிர வேண்டும். சாய்ந்திருந்தால் சரிசெய்ய நான்கு நிமிடம் இருக்கிறது. கசிந்த பசையை உலர்ந்த பல்குச்சியாலேயே வழித்தெடுங்கள், எனாமல் பக்கத்தில் இருப்பதால் ஆல்கஹால் வேண்டாம். ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வையுங்கள். சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி பக்கத்துக் கற்களில் வெண்பனி மாதிரி படியும், பூச்சைத் தாக்கும், ஓராண்டில் மொறுமொறுவென்று விட்டுவிடும். சூட்டுத் துப்பாக்கியில் வரும் பசையும் ஆகாது. தடித்து நின்று கல்லை உயர்த்தும், பிறகு மொத்தமாக உரிந்து வரும்.

நீலக் கற்களைக் கம்பி நகங்கள் பிடித்திருந்தால், அவற்றை அடிக்கடி வளைக்காதீர்கள். இந்த உலோகம் ஒரு முறை வளைவதைத் தாங்கும், இரண்டாம் முறை ஒடியும். தளர்ந்த கல்லுக்கு ஒரே ஒரு நகத்தை, பிளாஸ்டிக் தடியின் முனையால், உள்நோக்கி மெதுவாக அமுக்கினால் போதும்.

ஊசி வளைந்திருந்தால், கீலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு குறடால் இறுகப் பிடித்துக்கொண்டு மறுகையால் நிமிர்த்துங்கள். கீலின் மேல் விசை போகக் கூடாது. திறந்து விட்டால் ஊசி முனை பூட்டைவிடச் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். அந்த விறைப்புதான் அதைப் பூட்டுக்குள் பிடித்து வைப்பது. பூட்டோ கீலோ பெயர்ந்துவிட்டால் வழக்கமான தங்க நகைப் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். வெள்ளீயமும் காரீயமும் கலந்த, உலோகத்தை உலோகத்தோடு ஒட்டவைக்கும் சாதாரணப் பற்றாசு 183 டிகிரியில் உருகும், ப்ரோச்சின் அடிப்படை உலோகமான வெள்ளீயம் 232இல். இடையில் இருப்பது 50 டிகிரிகூட இல்லை. தங்கத்துக்குப் பழகிய கையில் இருக்கும் சுடர் ஒரு நொடியில் இலையைக் குழம்பாக்கிவிடும், பக்கத்துக் கற்களின் பூச்சும் கருகும். அலங்கார நகைப் பழுது பார்ப்பவர் கிடைக்கும்வரை அப்படியே வைத்திருக்கலாம்.

மதிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொருத்தமாக மாற்றிய ஒரு கல் மதிப்பைக் குறைக்காது. காலியான குழி குறைக்கும். புது முலாம் பூசுவது கட்டாயம் குறைக்கும், அதன்பின் அதைப் பழைய பொருளாகச் சேகரிப்பவர்கள் ஏற்பதில்லை. எனாமல் உதிர்ந்த இடத்தில் நகப்பூச்சு பூசுவதும் அப்படியே. உத்தேச விலை தெரிய வேண்டுமானால், விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காமல், உண்மையில் விற்று முடிந்த விலைகளைத் தேடுங்கள். அதே வடிவம், அதே நிறக் கற்கள், அதே நிலை என்று மூன்றும் பொருந்துவதோடு மட்டும் ஒப்பிடுங்கள். இதே வடிவத்தில் காதணியோ இரண்டாவது ப்ரோச்சோ சேர்ந்து வந்திருந்தால் பிரிக்க வேண்டாம்.

அணியலாமா என்றால், தாராளமாக. வாசனைத் திரவியம், தலைமுடித் தெளிப்பு எல்லாம் போட்டு உலர்ந்த பிறகு கடைசியாகக் குத்துங்கள். 7 செ.மீ. வார்ப்பு ப்ரோச் கனமானது. மெல்லிய துணியில் தொங்கிக் கிழிக்கும், ஆகவே உள்பக்கம் ஒரு சிறு கம்பளித் துண்டு வைத்து, துணியை இரண்டு இடத்தில் கோத்துக் குத்துங்கள். கழற்றியதும் உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். இந்தக் கலப்பு உலோகத்தில் காரீயம் இருக்கலாம், கையாண்ட பின் கை கழுவுங்கள், குழந்தைகள் வாயில் வைக்கக் கிடைக்கும் இடத்தில் வைக்காதீர்கள். பெட்டியில் மற்ற நகைகளோடு போடாமல் தனிப் பருத்திப் பையில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். நெகிழும் பிவிசி உறைகளும் பழைய நுரைப்பஞ்சு அடைத்த பெட்டிகளும் நாளடைவில் அமிலத்தை விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, கீலின் உள்வளைவை லூப்பில் பாருங்கள். திரும்பவும் பச்சை தலைகாட்டினால் முதலில் அங்கேதான் தெரியும்.